கூரைக்குக் கடன்காரன் கிடையாது

நூலகத்தை விரிவாக்கப் பணத்தை எப்படித் திரட்டலாம் என்று நகர நிர்வாகம் அந்த நூலகத்தின் ஹாலிலேயே கூட்டிய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். அதற்கு ஒரு வாரம் தயார் செய்துகொண்டு போனேன். சொன்னது ஒரே விஷயம்தான்: கடன் வாங்காதீர்கள். வேண்டுமானால் வரியைக் கொஞ்சம் கூட்டுங்கள், அதைத் தனிக் கணக்கில் சேருங்கள், பத்து வருடத்தில் தேவையான பணம் சேர்ந்துவிடும், அப்புறம் கட்டுங்கள், யாருக்கும் வட்டி அழ வேண்டியதில்லை. நல்ல கைதட்டல். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு வயதான அம்மா என்னை நிறுத்திச் சில வாக்கியங்கள் சொன்னார். அவை இத்தனை மாதமாக என்னை விடவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நிர்வாகம் முன்வைத்த வழிகள் நான்கு. கடன் பத்திரம் வெளியிட்டு 20 அல்லது 30 ஆண்டுகளில் அடைப்பது, சொத்து வரியோடு ஒரு தனி மேல்வரி வசூலித்துச் சேர்த்துவிட்டுக் கட்டுவது, ஒரு தனியார் நிறுவனம் கட்டி நடத்த வருடா வருடம் நாம் அதற்குப் பணம் கொடுப்பது, உள்ளே வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குவது. கடைசி வழியை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. நூலகத்துக்குள் வரக் கட்டணம் வைத்தால் முதலில் வராமல் போகிறவர், அது இல்லாவிட்டால் படிக்க வேறு இடமே இல்லாதவர். ஒருவர் எழுந்து லாட்டரி நடத்தலாம் என்றார். சிட்னி ஓப்ரா ஹவுஸ் அப்படித்தான் கட்டப்பட்டது என்பது உண்மை. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடிந்துவிடும் என்று ஆரம்பித்து, 1973இல் திறக்கும்போது 10.2 கோடியில் போய் நின்ற அந்தக் கட்டடத்தின் செலவில் பெரும்பகுதியைச் சுமந்தது லாட்டரிச் சீட்டுதான். ஆனால் சீட்டு வாங்குகிறவர்களில் கையில் காசில்லாதவர்கள் நிறைய. அவர்களுடைய ஆசையை நம்பிப் பொதுக் கட்டடம் எழுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆக, மிஞ்சியது மூன்று வழி.

எனக்குக் கடன் மேல் இருந்த வெறுப்பு கணக்குப் பார்த்து வந்ததல்ல. வீட்டில் பார்த்து வந்தது. அப்பா ஒரு கடனைப் பதினொரு வருடம் அடைத்தார். அதற்கென்று தனியாக ஒரு நோட்டுப் புத்தகம். மாதத்தின் முதல் வாரம் அதைத் திறந்து உட்கார்ந்தாரென்றால் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். கடைசித் தவணை கட்டிய நாளில் அந்த நோட்டை அவர் கிழிக்கவும் இல்லை, எறியவும் இல்லை, அம்மாவிடம் கொடுத்து “உள்ளே வை” என்று மட்டும் சொன்னார். அந்த நோட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஒரு நகரம் கோடிக்கணக்கில் கடன் வாங்கப் போகிறது என்றதும் வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பயத்தைத்தான் நான் மேடையில் பொருளாதாரம்போலப் பேசியிருக்கிறேன்.

கடைசித் தவணை

படிக்கட்டில் நிறுத்திய அந்த அம்மாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். நகராட்சியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். “தம்பி, நல்லாப் பேசினீங்க. ஆனா நீங்க நின்னு பேசின இந்த ஹால் எப்படிக் கட்டினதுன்னு தெரியுமா?” என்று கேட்டார். தெரியாதும்மா என்றேன்.

“கடன்லதான். இருபது வருஷக் கடன். ஆறு மாசத்துக்கு ஒண்ணுன்னு நாற்பது தவணை. கடைசித் தவணைக்கு வவுச்சர் போட்டது நான்தான். நாற்பதுல ஒண்ணுகூடத் தவறல. சம்பளமே தள்ளிப்போன வருஷம்கூடத் தவணை சரியாப் போச்சு. போகலைன்னா மறுநாளே கேட்டுடுவாங்க. கடைசித் தவணை கட்டின அதே வருஷம், கூரை ஒழுகுதுன்னு நூலகர்கிட்டருந்து ஒரு கடிதம். அது முதல் கடிதம் இல்ல, நாலாவது. முந்தின மூணுக்கும் ‘அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும்’னு பதில் டைப் பண்ணினதும் நான்தான். கடனுக்குக் கடன்காரன் இருக்கான், வந்து கேட்பான். கூரைக்கு யாரு இருக்கா?”

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் குடையை ஊன்றிக்கொண்டு அடுத்த படியில் இறங்கிவிட்டார்.

இதில் என்னை முதலில் தைத்தது கூரை இல்லை, அந்த நாற்பது தவணை. நான் இந்த நகரத்துக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வந்த வாரமே நூலக அட்டை வாங்கினேன். வேலை இல்லாமல் இருந்த எட்டு மாதமும் காலை முதல் மாலை வரை அங்கேதான் கிடந்தேன், வேலைக்கான விண்ணப்பங்களை அங்கே இருந்துதான் அனுப்பினேன். அந்தக் கட்டடத்தின் கடன் நான் வருவதற்கு முன்பே அடைந்துவிட்டது. அதாவது நான் ஒரு தவணைகூடக் கட்டாத கட்டடத்தில் உட்கார்ந்து மனுஷனாகி, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே நின்று, கடன் வாங்கிக் கட்டுவது தப்பு என்று பேசியிருக்கிறேன். அன்றைக்கு என்னைப்போல ஒருவர் எழுந்து பேசி அதில் ஜெயித்திருந்தால், பணம் சேரட்டும் என்று பத்து வருடம் காத்திருப்பார்கள். அந்தப் பத்து வருடத்தில் அங்கே படித்திருக்க வேண்டிய பிள்ளைகள் வேறு எங்கேயோ போயிருப்பார்கள், அல்லது எங்கேயும் போயிருக்க மாட்டார்கள்.

என் யோசனையை அந்த அம்மாவின் பக்கம் நின்று பார்த்தேன். பத்து வருடம் மேல்வரி கட்டச் சொல்கிறேன். அதை அவரும் கட்டுவார். கட்டடம் திறக்கும் நாளில் அவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும், மாடிப்படி ஏற முடியுமோ முடியாதோ. திறந்த மறுநாள் நகரத்துக்குக் குடிவருகிறவர் ஒரு பைசாகூடக் கட்டாமல் நாற்பது வருடம் பயன்படுத்துவார். யாருக்கும் வட்டி போகவில்லை என்பது சரிதான். ஆனால் யாருடைய பணத்தில் யார் உட்காருகிறார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வீட்டில் கடன் வாங்குகிறவரும் அடைக்கிறவரும் அனுபவிக்கிறவரும் கிட்டத்தட்ட ஒரே ஆட்கள். நகரம் அப்படி இல்லை. அதில் ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறார்கள், நகரம் மட்டும் அங்கேயே இருக்கிறது. தவணை முறைக் கடன் என்பது, பயன்படுத்துகிற காலத்தில் யார் யார் இருக்கிறார்களோ அவர்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிற ஏற்பாடு. இதை நான் அப்பாவின் நோட்டை வைத்துப் புரிந்துகொள்ள முயன்றதுதான் பிழை.

காத்திருந்தால் கட்டுமானச் செலவும் சும்மா இருக்காது. வருடத்துக்கு 5 விழுக்காடு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் இன்று 100 ஆகிற வேலை பத்து வருடம் கழித்து 163 ஆகும். சேமித்த பணத்துக்கும் இடையில் வட்டி வரும், அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும், அதனால் இது மட்டுமே தீர்ப்பாகாது. ஆனால் “வட்டி மிச்சம்” என்று நான் சொன்னது பாதிக் கணக்குதான்.

எத்தனை வருடக் கடன்

இதைப் படித்துவிட்டு நான் கடனுக்குக் கொடி பிடிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடன் எதற்கு, எவ்வளவு நாளைக்கு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 100 கடன், வட்டி 6 விழுக்காடு, வருடா வருடம் சம தவணை என்று ஒரு மாலை முழுக்கப் போட்டுப் பார்த்தேன். 15 வருடத்தில் அடைத்தால் ஆண்டுத் தவணை சுமார் 10.3, மொத்தம் கட்டுவது 154. 20 வருடம் என்றால் தவணை 8.7, மொத்தம் 174. 30 வருடம் என்றால் தவணை 7.3, மொத்தம் 218. இருபதிலிருந்து முப்பதுக்குப் போகும்போது வருடாந்தரச் சுமை ஒன்றரைகூடக் குறையவில்லை, மொத்தத்திலோ 44 கூடிவிடுகிறது. கூட்டத்தில் 30 வருடத் திட்டத்தைக் காட்டியபோது தவணை குறைவு என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த 44 எங்கேயும் இல்லை.

இதன் கடைசி எல்லைக்குப் போனவர்களும் உண்டு. கலிபோர்னியாவின் போவே பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்துகிற நிர்வாகம்) 2011இல் 10.5 கோடி டாலர் கடன் வாங்கியது. வரி விகிதத்தை ஏற்ற மாட்டோம் என்று வாக்காளர்களிடம் சொல்லியிருந்ததால், ஏறத்தாழ இருபது வருடம் எதுவுமே கட்டாமல் தள்ளிவைக்கிற வகைப் பத்திரமாகப் பார்த்து வாங்கினார்கள். வட்டி அசலோடு சேர்ந்து, அதற்கு மேல் வட்டி ஏறி, 2051க்குள் கட்ட வேண்டிய மொத்தம் 98 கோடிக்கு மேல். வாங்கியதைப்போல ஒன்பது மடங்கு. இது வெளியே வந்து கொதித்த பிறகு 2013இல் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது: இந்த வகைப் பத்திரத்தில் திருப்பிக் கட்டுவது அசலைப்போல நான்கு மடங்குக்கு மேல் போகக் கூடாது, காலம் 25 ஆண்டைத் தாண்டக் கூடாது. ஒப்புதல் கொடுத்தவர்களில் யார் அந்தப் பத்திரம் முதிரும்போது பதவியில் இருக்கப் போகிறார்கள்? முதல் தவணையைக்கூடத் தாங்கள் கட்டாத கடனுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கும் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பின்னால் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் 1789இல் பாரிஸிலிருந்து தன் நண்பர் ஜேம்ஸ் மாடிசனுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இதே கேள்வியைக் கணக்காகவே போட்டுப் பார்த்திருக்கிறார். பூமி உயிரோடு இருப்பவர்களுக்குச் சொந்தம், ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையைக் கடனில் கட்டிப்போட உரிமை இல்லை என்பது அவர் வாதம். அன்றைய இறப்பு விகித அட்டவணையை எடுத்து, முடிவெடுத்த பெரியவர்களில் பாதிப்பேர் மறைய எத்தனை வருடம் ஆகும் என்று பார்த்து, 19 ஆண்டு என்ற எல்லையைச் சொன்னார். அந்த 19ஐ நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் 1803இல் லூசியானா நிலப்பரப்பை வாங்கியபோது அவர் அரசே கடன் பத்திரம் கொடுத்துத்தான் வாங்கியது. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

என் பதில் எளிமையானது. வாங்குகிற பொருள் எவ்வளவு நாள் உழைக்குமோ அதற்குள் கடன் தீர வேண்டும். சுவரும் தூணும் ஐம்பது வருடம் நிற்கும், அதற்கு 20 வருடக் கடன் தாராளமாகப் போதும். கணினிகள் ஐந்து வருடம். அதற்கு 20 வருடக் கடன் வாங்கினால் மூன்று தலைமுறைக் கணினிகள் குப்பைக்குப் போன பிறகும் முதல் கணினிக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்போம். எங்கள் திட்ட அறிக்கையில் கணினி, நாற்காலி, அலமாரி, முதல் இரண்டு வருடச் சம்பளம் எல்லாம் கட்டடத்தோடு சேர்த்து ஒரே கடனில் போட்டிருந்தார்கள். 1975இல் நியூயார்க் நகரம் திவாலின் விளிம்புக்குப் போனதற்கு ஒரு முக்கியக் காரணம், அன்றாடச் செலவுகளை, கட்டடம்போல நீண்ட நாள் நிற்பவற்றுக்கான மூலதனக் கணக்கில் ஏற்றிக் கடனில் ஓட்டியதுதான். அது ஒரே நாளில் நடந்ததில்லை, இப்படி ஒவ்வொரு வரியாகத்தான் ஏறியிருக்கும்.

கனடாவின் மாண்ட்ரியால் நகரத்துக் கதையும் இதோடு சேர்ந்து நினைவுக்கு வருகிறது. 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய மைதானத்தின் கடன் 2006இல்தான் தீர்ந்தது. அந்த நகரம் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் புகையிலை மேல் போட்ட தனி வரி அதற்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே விளையாடிவந்த பேஸ்பால் அணி 2004 பருவத்தோடு ஊரை விட்டே போய்விட்டது. கடன் இருந்தது, அணி இல்லை.

வாளி

சரி, அந்த அம்மா சொன்னதின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். உண்மையில் அதுதான் என்னைத் தூங்கவிடாதது.

எங்கள் நூலகத்தின் மாடியில் வரலாற்று நூல்கள் இருக்கிற இடத்தில் ஒரு நீல வாளி இருக்கும். மழைக்காலத்தில் அதில் தண்ணீர் சொட்டும். நான் முதன்முதலாகப் போன வருடமே அது அங்கே இருந்தது. அந்த அலமாரியின் கீழ்த்தட்டு காலியாக விடப்பட்டிருக்கும். பன்னிரண்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டு, குனிந்து ஒதுங்கி, வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த வாளிக்கும் பணம் திரட்டுவது பற்றிய விவாதத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கூட்டத்தில் பேசிய பதினேழு பேரில் ஒருவர்கூட வாளியைப் பற்றிப் பேசவில்லை. நானும்தான்.

கட்டுவதற்குப் பணம் தேடுகிறபோது எல்லோருக்கும் உற்சாகம் இருக்கிறது. வரைபடம் இருக்கிறது, திறப்பு விழா இருக்கிறது, கல்வெட்டில் பெயர் இருக்கிறது. கட்டியதை வைத்துக்கொள்ளப் பணம் தேடுவதில் இது எதுவும் இல்லை. அமெரிக்காவின் சியாட்டல் நகரத்தைப் பாருங்கள். 1998இல் அங்கே மக்கள் வாக்களித்து நூலகங்களுக்காக 19.64 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 2004இல் திறந்த மைய நூலகத்தின் படத்தைக் கட்டடக்கலை பிடிக்கிற எவரும் பார்த்திருப்பீர்கள், கண்ணாடியை மடித்து மடித்து வைத்ததுபோல இருக்கும். கிளை நூலகங்களும் புதுப்பிக்கப்பட்டன, புதிதாகவும் கட்டப்பட்டன. கடன் திட்டம் அருமையாக நடந்தது. ஆனால் 2009இல் நகரத்தின் வருவாய் சரிந்தபோது மொத்த நூலக அமைப்பையும் ஒரு வாரம் பூட்டினார்கள். அடுத்தடுத்த வருடங்களிலும் அப்படியே. புத்தம் புதுக் கட்டடம், உள்ளே போக முடியாது. 2012இல் மறுபடியும் மக்களிடம் போய், ஏழு வருடத்துக்கு சுமார் 12.3 கோடி டாலருக்கு ஒரு தனி வரி கேட்டு வாங்கினார்கள். திறந்திருக்கும் நேரம், புத்தகம், பராமரிப்பு ஆகியவற்றுக்கான வரி அது. அந்த மக்கள் இரண்டு முறையும் சரி என்று சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை தருவது அதுதான். கேட்டால் கொடுக்கிறார்கள். இரண்டாவது கேள்வியை முதல் கேள்வியோடு சேர்த்தே கேட்டிருக்கலாம்.

அப்படிச் சேர்த்துக் கேட்ட ஒருவர் இருந்தார் என்பது தேடியபோதுதான் தெரிந்தது. அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி 1883 முதல் உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார் என்று பள்ளியில் படித்திருக்கிறேன், வள்ளல் என்று மட்டும் மனதில் நின்றது. அவர் வைத்த நிபந்தனை யாரும் சொல்லித்தரவில்லை. நிலத்தை ஊர் கொடுக்க வேண்டும். அதோடு, அவர் கொடுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஊர் தன் வரிப்பணத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் நூலகத்தை நடத்த ஒதுக்குவதாக உறுதி கொடுக்க வேண்டும். உறுதி வராவிட்டால் காசோலை வராது. இந்த நிபந்தனை பிடிக்காமல் வேண்டாம் என்று சொன்ன ஊர்கள் இருந்தன, உறுதி கொடுத்துவிட்டுப் பிறகு மறந்த ஊர்களும் இருந்தன. ஆனாலும் அந்தப் பத்தில் ஒரு பங்குதான், அந்த அம்மா கேட்ட “கூரைக்கு யாரு இருக்கா” என்ற கேள்விக்கு நான் கண்ட முதல் பதில்.

தனியார் வழி ஏன் கவர்கிறது

இந்த இடத்தில் மூன்றாவது வழியை நியாயமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதில் கூரைக்கு ஆள் உண்டு. தனியார் நிறுவனம் கட்டி, 25 அல்லது 30 வருடம் பராமரித்து, கட்டடம் நல்ல நிலையில் இருந்தால்தான் முழுப் பணம் என்று ஒப்பந்தம் போடுகிற முறையில் பராமரிப்பு தவணைக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. பிரிட்டனில் 1992இல் தொடங்கிய தனியார் நிதி முயற்சியில் பள்ளி, மருத்துவமனை, சிறை என்று 700க்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் இப்படிப் போட்டார்கள். கூரை ஒழுகினால் பணத்தில் பிடிப்பார்கள், அதனால் யாரோ ஒருவர் ஏறிப் பார்த்துவிடுவார். ஆனால் தனியார் வாங்குகிற கடனுக்கு வட்டி அரசு வாங்குவதைவிட அதிகம், அதற்கு மேல் அவர்கள் லாபம், அதையெல்லாம் தவணையில் நாம்தான் கட்டுகிறோம். 2018 தொடக்கத்தில் அந்த நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் போட்ட கணக்குப்படி சுமார் 6,000 கோடி பவுண்டு மதிப்புள்ள கட்டுமானங்களுக்கு இனிமேல் மட்டும் கட்ட வேண்டிய மொத்தம் 19,900 கோடி பவுண்டு. அதில் பராமரிப்பும் சேவைகளும் அடக்கம், அதனால் இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் அதே ஆண்டு அக்டோபரில் புதிய ஒப்பந்தங்கள் போடுவதையே அரசு நிறுத்திக்கொண்டது.

இதைவிட மோசமான ஒரு வகையும் இருக்கிறது, வரும்படியையே விற்றுவிடுவது. சிகாகோ 2008இல் தன் தெருவோர வாகன நிறுத்தக் கருவிகள் சுமார் 36,000ஐ 75 வருடத்துக்குக் குத்தகை விட்டு 115 கோடி டாலர் வாங்கியது. நகர மன்றத்தில் திட்டம் வந்து சில நாளிலேயே வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. நகரத்துக்கு ஏறத்தாழ 97 கோடி டாலர் குறைவாகக் கிடைத்திருக்கிறது என்று அந்த நகரத்தின் தலைமை ஆய்வாளர் மறுவருடமே அறிக்கை கொடுத்தார். பணத்தின் பெரும்பகுதி சில வருடங்களில் செலவாகிவிட்டது. குத்தகை 2083 வரை.

எனக்கு இதிலிருந்து தோன்றியது இவ்வளவுதான். தனியார் முறையில் நல்லதாக இருக்கிற ஒரே அம்சம், பராமரிப்பைத் தவிர்க்க முடியாதபடி எழுதிவைப்பது. அதற்கு ஏன் ஒரு தனியார் நிறுவனம் வேண்டும்? நகரமே அதை எழுதிவைக்க முடியாதா? கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தருகிற அதே தீர்மானத்தில், அதே பக்கத்தில், தவணைக்கு அடுத்த வரியாக, இவ்வளவு தொகை ஒவ்வொரு வருடமும் தனிக் கணக்கில் போக வேண்டும், வேறு எதற்கும் தொடக் கூடாது, தவறினால் தவணை தவறியதைப்போலவே மன்றத்தில் அறிவிக்க வேண்டும் என்று எழுதினால் போதாதா? எவ்வளவு என்ற கேள்விக்கும் பழைய பதில் ஒன்று உண்டு. பொதுக் கட்டடங்களை ஆராய்ந்த அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் குழு 1990இல் சொன்னது, கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட எவ்வளவு ஆகுமோ அதில் 2 முதல் 4 விழுக்காடு ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக்கும் பழுதுக்கும் வேண்டும் என்று. 100க்கு 2 என்று வைத்தாலும், 20 வருடக் கடனின் தவணை 8.7ஓடு சேர்த்து 10.7. இதுதான் விரிவாக்கத்தின் உண்மையான வருடாந்தர விலை. இந்த எண்ணைத்தான் மக்களுக்குக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று மக்கள் சொன்னால் அது நியாயமான வேண்டாம். 8.7ஐக் காட்டிச் சரி என்று வாங்கிவிட்டு 2ஐ மறைப்பது நியாயமே இல்லை. கடன் தீர்ந்த பிறகு? 8.7 நின்றுபோகும். 2 நிற்காது, கட்டடம் இருக்கிறவரை போய்க்கொண்டே இருக்கும். தவணை மட்டும் தவறாமல் போனால் போதும் என்று இருந்ததால்தான் அந்த நீல வாளி வந்தது.

சிவப்பு மை

இதையெல்லாம் இரண்டு பக்கக் கடிதமாக எழுதி, அனுப்புவதற்கு முன் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். காலை பத்து மணிக்குச் செய்தித்தாள் பகுதியில் இருப்பார் என்று நூலகர் சொன்னார். இருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார், பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். கலிபோர்னியா, மாண்ட்ரியால் பத்திகளை அடித்துவிட்டு “இதெல்லாம் கூட்டத்துல கேட்க மாட்டாங்க” என்றார். கணினியையும் சம்பளத்தையும் கடனிலிருந்து எடுக்கச் சொன்ன இடத்தில் ஒரு டிக். இருபது வருடம் என்ற இடத்தில் இன்னொரு டிக். பராமரிப்புக்குத் தனிக் கணக்கு என்ற பத்தியில்தான் நின்றார்.

“பராமரிப்புன்னு பொதுவா எழுதாதீங்க தம்பி. பணம் குறையுற வருஷம் முதல்ல கை வைக்கிறது அந்த வார்த்தைலதான். கூரைன்னு எழுதுங்க. குழாய்னு எழுதுங்க. மின்தூக்கி, வயரிங், ஜன்னல்னு ஒவ்வொண்ணா எழுதி, எந்த வருஷம் எதுக்கு எவ்வளவுன்னு போடுங்க. ‘கூரைக்கு இந்த வருஷம் இல்ல’ன்னு வாய்விட்டுச் சொல்லி, மினிட்ஸ்ல ஏத்தணும்னா, சொல்றவங்க கொஞ்சம் யோசிப்பாங்க.” முப்பது வருடம் வவுச்சர் போட்டவர் பேச்சு அது. நான் படித்த எந்த அறிக்கையிலும் இது இல்லை.

அங்கேயே உட்கார்ந்து இருவருமாகப் பட்டியல் போட்டோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், இருபது வரி வந்தது. கூரை முதல் வரி. அடுத்த கூட்டம் வரும் வியாழக்கிழமை, பேச மறுபடியும் மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் நிமிடத்தில், போன தடவை சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்லப் போகிறேன். மீதி இரண்டு நிமிடமும் அந்தப் பட்டியலுக்கு.